ஏற்காட்டின் குளிர்ச்சியும் சேலத்தின் கடமையும்

ஒரே மாவட்டத்தில், ஒரே சூரியனுக்குக் கீழே, சாலைவழியாக ஏறத்தாழ 30 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த இரண்டு ஊர்களில், ஒன்றில் மக்கள் வைகாசி நடுப்பகலில் வீட்டுக்குள்ளேயே வெந்து தவிக்க, மற்றொன்றில் அதே வேளையில் ஏரிக்கரை மரநிழலில் சாவகாசமாக உலாவிக்கொண்டிருப்பதைக் காணும் எவருக்கும், தேக சௌகரியம் என்பது முழுக்க முழுக்க உயரத்தின் விஷயந்தானோ என்ற எண்ணம் எழுவது இயல்பே. சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்திலும், சேர்வராயன் மலைமீது ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. மேலெழும் காற்று அழுத்தம் குறைந்து விரிகையில் தன்னிடமுள்ள உஷ்ணத்தையே செலவிட்டு விரிகிறது. ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பது பௌதிக சாஸ்திரத்தின் பொதுக்கணக்கு. அடிவாரத்தில் வண்டியேறி 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போய்ச் சேரும் பிரயாணி, இந்தக் கணக்கின்படி ஏறக்குறைய 8 டிகிரி வெயிலைக் கீழேயே விட்டுவிட்டுப் போகிறார்.

கணக்கு சரியானதே, ஆனால் மனிதன் அனுபவிக்கும் சுகம் அந்தக் கணக்கில் அடங்கிவிடுவதில்லை. கடற்கரைப் பட்டினமான சென்னையில் 35 டிகிரி வெயிலில் நிற்பவர் வியர்த்துக் கொட்டி மூச்சு முட்டிப்போக, சேலத்தில் 38 டிகிரியில் நிற்பவர் உடம்பு காந்தினாலும் வேப்பமரத்தடியில் ஒதுங்கியதும் ஓரளவு ஆறுதல் அடைவதை இரண்டு ஊரிலும் குடியிருந்தவர்கள் அறிவார்கள். நம் தேகம் வியர்வையை ஆவியாக்கித்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாக இடமில்லாமல் தோலிலேயே தங்கிவிடுகிறது. ஆகையால் வெப்பமானி காட்டும் எண்ணைவிடக் காற்றின் ஈரமும், அதன் வேகமும், தலைக்குமேல் நிழல் உண்டா இல்லையா என்பதும், அந்நேரத்தில் அம்மனிதன் என்ன வேலை செய்துகொண்டிருக்கிறான் என்பதுமே அவனுடைய சுகதுக்கத்தை நிர்ணயிக்கின்றன. சேலம் செவ்வாய்ப்பேட்டையின் கொலுசுப் பட்டறையில், பற்றவைக்கும் தீ அலைந்துவிடக் கூடாதே என்று மின்விசிறியை நிறுத்திவிட்டுக் குனிந்து உட்கார்ந்திருக்கும் தொழிலாளியின் உஷ்ணமும், அதே தெருவில் குளிர்சாதன அறையில் அமர்ந்து கணக்கெழுதுபவரின் உஷ்ணமும் ஒரே ஊரின் சீதோஷ்ணம் என்று சொன்னால் அது வானிலை அறிக்கைக்கு உண்மையாகலாம், வாழ்க்கைக்கு உண்மையாகாது.

இந்த வித்தியாசத்தை அரசாங்கத்தின் விதிகளும் ஒருவகையில் ஒப்புக்கொள்கின்றன. இந்திய வானிலை ஆய்வுத் துறை வெப்ப அலையைக் கணிக்கும்போது, சமவெளியில் அதிகபட்ச வெப்பம் குறைந்தது 40 டிகிரியையும், கடலோரத்தில் 37 டிகிரியையும், மலைப்பிரதேசத்தில் 30 டிகிரியையும் எட்டினால்தான் அந்தப் பேச்சையே எடுக்கிறது. சேலத்துக்காரருக்கு 30 டிகிரி என்பது மார்கழிப் பகலின் இதம். ஏற்காட்டுக்காரருக்கு அதுவே அபாயத்தின் வாயிற்படி. பன்னெடுங்காலத்துக்கு முன்பே தொல்காப்பியம் ஐந்திணைகளைப் பகுத்தபோது, குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் யாமமும், பாலைக்கு வேனிலும் நண்பகலும் என்று ஒவ்வொரு திணைக்கும் அதற்குரிய பருவத்தையும் பொழுதையும் சேர்த்தே வகுத்தது. நிலம் மாறினால் பருவத்தின் பொருளே மாறிவிடும் என்ற அந்தத் தெளிவை நாம் சுற்றுலா விளம்பரங்களைப் படிக்கும் அவசரத்தில் இழந்துவிட்டோம்.

அப்படி இழந்ததன் அடையாளந்தான் ஏற்காட்டை ‘ஏழைகளின் ஊட்டி’ என்று அழைக்கும் வழக்கம். உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும், கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்திலும் இருப்பவை. உதகையில் தை மாதத்து விடியற்காலையில் புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். நீரில் கை வைக்க முடியாது. கம்பளியும் கணப்பும் இன்றி வயோதிகர் அங்கே ஓர் இரவைக் கழிப்பது பெரும் பிரயாசை. ஏற்காட்டிலோ கோடையின் உச்சத்தில் பகல் வெப்பம் 30 டிகிரியை ஒட்டி நிற்கும். பனிக்காலத்து இரவிலும் பெரும்பாலும் 12, 13 டிகிரிக்கு அருகிலேயே நின்றுவிடும். இளங்குளிரும் இளவெயிலும் மாறிமாறி வருவதும், ஒரு மெல்லிய சால்வையோடு ஆண்டு முழுவதையும் ஓட்டிவிடலாம் என்பதும் இம்மலைக்கே உரிய விசேஷம். இந்த மத்திம சீதோஷ்ணத்தை உதகையின் குளிரோடு ஒப்பிட்டுக் குறைவென்று மதிப்பது அளவுகோலைத் தவறாகப் பிடித்ததன் விளைவே ஒழிய, ஏற்காட்டின் குற்றமன்று.

ஆனால் மத்திமமான சுகத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. சரிந்து விழுவதற்கு அதற்கு அதிக தூரம் இல்லை. 2024 ஏப்ரலில் உதகையிலேயே வெப்பம் 29 டிகிரியை எட்டி அனைவரையும் திடுக்கிட வைத்தது. அவ்வளவு உயரத்து ஊருக்கே அந்தக் கதி என்றால், கோடைதோறும் 30 டிகிரியின் விளிம்பிலேயே நிற்கும் ஏற்காட்டுக்கு ஓரிரு டிகிரி கூடினாலும் அதன் சீதோஷ்ணத்தின் ஜாதியே மாறிவிடும். நீலகிரியைப் போலப் பரந்து விரிந்த பீடபூமியும் சேர்வராயனுக்கு இல்லை. சுற்றிலும் கொதிக்கும் சமவெளிக்கு நடுவே தனித்து எழுந்து நிற்கும் சிறிய மலைத்தொகுதி அது. எனவே அதன் குளிர்ச்சியில் உயரத்தின் பங்கு போக எஞ்சியதில் பெரும்பங்கு மரங்களுடையது.

அம்மரங்கள் இன்றும் நிற்பதற்குக் காப்பியே பெரும் காரணம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் காலத்தில் இம்மலைக்கு வந்ததாகச் சொல்லப்படும் காப்பிச் செடி, இயல்பிலேயே நிழலை நாடுவது. அதற்குக் குடைபிடிக்க வேண்டித் தோட்டக்காரர்கள் சில்வர் ஓக்கையும் பலாவையும் கல்யாண முருங்கையையும் வளர்த்தார்கள். ஓக் மரத்தில் மிளகுக் கொடியை ஏற்றினார்கள். லாபத்தை உத்தேசித்துச் செய்த இக்காரியம் மலைக்கு இரண்டடுக்குக் கூரையாக அமைந்தது. பங்குனி சித்திரையில் ஒரு நல்ல மழை பெய்து, எட்டுப் பத்து நாளில் செடிகள் எல்லாம் வெள்ளைவெளேரென்று பூத்து மல்லிகைபோல் மணக்கும் சமயத்தில் தோட்டத்துக்குள் நுழைபவர்கள், தார்ச்சாலைக்கும் அதன் ஓரத்துக் காப்பிக்காட்டுக்கும் இடையே காற்று மாறுவதைத் தம் தோலாலேயே உணரலாம். அதே நண்பகலில் வெட்டவெளியில் நின்றால் மலைவெயில் சுள்ளென்று தைக்கும். உயரம் ஏற ஏறப் புற ஊதாக் கதிரின் வலிமை ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 10 சதவீதம் கூடுவது அதற்கு ஒரு காரணம். மலையில் நிழலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது உயரமான இடத்து வெயிலே என்பதை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் விளக்காது.

சுகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் யாருடைய சுகம் என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். சமவெளியிலிருந்து இரண்டு நாளைக்கு வந்துபோகிறவர் ரசிக்கும் மூடுபனி, அங்கேயே வாழ்கிறவருக்குக் கொடியில் காயாத துணி, ஜாடியில் கசிந்துபோன உப்பு, பொரித்தாலும் மொறுமொறுக்காத அப்பளம். ஆவணி தொடங்கி ஐப்பசி முடிய மழை பிடித்துக்கொள்ளும் மாதங்களில் பற்றாத தீக்குச்சியோடு மல்லாடுவதும், கார்த்திகைக்கு மேல் பறித்த காப்பிப் பழத்தைக் களத்தில் காயப்போட்டுவிட்டு மேகம் கறுக்கும்போதெல்லாம் தார்ப்பாயை இழுத்து மூட ஓடுவதும் அவர்களுடைய சீதோஷ்ணம். இம்மலையின் பூர்வ குடிகளான மலையாளி இன மக்கள் மூங்கில் தட்டியில் மண்பூசி, புல்வேய்ந்து கட்டிய வீடுகள் பகலில் குளிர்ச்சியும் இரவில் கதகதப்பும் தந்தன. அவற்றின் இடத்தில் வந்த தகரக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் பகலில் காய்ச்சி இரவில் நடுக்குகின்றன. கடல்கடந்து இலங்கையின் நுவரெலியாவிலும் இதே கதைதான். பிரயாணிகள் பன்னீர் தெளித்தாற்போன்ற குளிர் என்று கொண்டாடும் அவ்வூரைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில், லயன் எனப்படும் வரிசைக் குடியிருப்பு அறைகளில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு அந்தக் குளிர் ஈரச் சுவரும் நனைந்த விறகுமாகவே இருந்து வந்திருக்கிறது.

மலைக்குளிர்ச்சி நம் தேசத்தில் நெடுங்காலம் செல்வாக்குடையோரின் உடைமையாக இருந்து வந்தது. வெள்ளையர் ஆட்சியில் கோடைதோறும் சென்னை ராஜதானியின் அரசாங்கமே உதகைக்குக் குடிபெயர்ந்தது. அத்தகைய ராஜரீக அந்தஸ்து ஏற்காட்டுக்குக் கிடைக்கவில்லை. அது தோட்டக்காரர்களின் ஊராகவும், பள்ளிக்கூடங்களின் ஊராகவும் வளர்ந்தது. 1894-இல் சேக்ரட் ஹார்ட் பள்ளியும், 1917-இல் மான்ட்போர்ட் பள்ளியும் தோன்றியதும், பிற்காலத்தில் ஆர்க்கிட் செடிகளுக்கென ஒரு தேசியத் தோட்டம் அங்கே அமைந்ததும் இந்த மிதமான சீதோஷ்ணத்தின் பயனே. இன்று மலைக்குச் செல்ல ஒரு பேருந்துச் சீட்டுக்கு உரிய காசு போதும் என்பது ஜனநாயகத்தின் வெற்றிகளில் ஒன்று. அதை ஒருவரும் குறைகூற வேண்டியதில்லை.

இருந்தாலும், மே மாதக் கோடை விழாவையும் அண்ணா பூங்காவின் மலர்க் கண்காட்சியையும் ஒட்டி மலைப்பாதையில் அணிவகுக்கும் வாகனங்களைப் பார்க்கும்போது, நாம் தேடிப்போகும் பொருளை நாமே அழித்துக்கொண்டிருக்கிறோமோ என்ற கவலை எழாமல் இல்லை. உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்தது. அங்கே கதவு ஒருக்களிக்கப்பட்டால், கூட்டம் திறந்திருக்கும் அடுத்த மலையை நோக்கித் திரும்புவது இயற்கை. காப்பியின் விலை ஓராண்டு ஏறி மறு ஆண்டு இறங்க, பழம் பறிக்க ஆள் கிடைக்காமல் திண்டாடும் சிறு தோட்டக்காரரிடம் வந்து, மனை பிரித்து விடுதி கட்டலாம் என்று ஒருவர் ஆசை காட்டினால், அவர் மனம் இளகுவதைப் பாவமென்று சொல்ல நமக்கு உரிமையில்லை. மலைப்பகுதி மரங்களைக் காப்பதற்கென்று இம்மாநிலத்தில் 1955-லேயே சட்டம் இயற்றியிருக்கிறார்கள். ஆனால் வெட்டாதே என்று தடுக்கும் சட்டம் மட்டும் போதாது. வெட்டாமல் காப்பவருக்கு ஒரு கைம்மாறு வேண்டும். விடுதிகளிடமும் வாகனங்களிடமும் வசூலிக்கும் கட்டணத்தில் ஒரு பகுதியை, நிழல்மரம் குறையாமல் தோட்டத்தைப் பேணும் சிறு விவசாயிகளுக்கு ஆண்டுதோறும் மானியமாக அளிப்பதே நியாயம் என்பது என் அபிப்பிராயம். சுற்றுலாவினால் பிழைப்பவர்கள் அநேகர் என்று ஆட்சேபிப்போர் உண்டு. உண்மைதான், ஆனால் அந்தப் பிழைப்புக்கு மூலதனமே குளிர்ச்சியாக இருக்கையில், மூலதனத்தைக் காக்கும் செலவை வீண்செலவென்று எந்த வியாபாரியும் சொல்லமாட்டான்.

இதற்கு மேல் ஒன்று உண்டு, அதுவே முக்கியமானது. ஏற்காட்டின் லேடீஸ் சீட் என்னும் பாறைமுனையில் நின்று கீழே நோக்குகிறவர்கள் சேலத்தின் வெள்ளைக்கல் சுரங்கங்கள் வெயிலில் கண்கூச விரிந்து கிடப்பதையும், அவற்றுக்கு அப்பால் மொட்டை மாடிகளாகவே நகரம் பரந்திருப்பதையும் காண்பார்கள். பகலெல்லாம் வெயிலைக் குடித்த அந்தக் காங்கிரீட் தளங்கள் இரவெல்லாம் அதை அறைகளுக்குள் கக்குகின்றன. அந்தியில் மாடியில் தண்ணீர் தெளித்து, கோரைப்பாயை விரித்து, காற்றுக்காகக் காத்துக் கிடக்கிறவர்களில் பெரும்பாலோர் லீ பஜார் சந்தையில் மூட்டை சுமப்பவர்களும், கட்டட வேலை செய்பவர்களும், தறி நெய்பவர்களும் ஆவர். குளிர்ச்சி மிக அவசியமாகத் தேவைப்படும் அவர்களுக்கு மலைக்குப் போக ஓய்வும் இல்லை, உபரிப் பணமும் இல்லை. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் உயிரிழப்போரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று விதித்தது போற்றத்தக்கதே. எனினும் நிவாரணம் இறந்தபின் வருவது, நிழலோ இருக்கும்போதே உதவுவது.

சாலையை அகலப்படுத்தும் வேகத்தில் வெட்டிச் சாய்த்த புளிய மரங்களுக்கு ஈடாகப் புங்கனையும் வேம்பையும் நட்டு, நட்டதை மூன்று கோடைக்காவது தண்ணீர் ஊற்றி வளர்ப்பதும், கூரைகளுக்கு வெள்ளை பூசுவதும், பேருந்து நிறுத்தங்களிலும் சந்தைகளிலும் பந்தலும் குடிநீரும் வைப்பதும், நடுப்பகலில் வெட்டவெளி வேலைக்கு விடுமுறை தருவதும் மாநகராட்சிக்கோ அரசாங்கத்துக்கோ எட்டாத காரியங்கள் அல்ல. வீட்டிலும் தெருவிலும் தாங்கத்தக்க சுகம் கிடைக்குமானால், மக்கள் மலைக்கு ஓடுவது தப்பித்துக்கொள்வதற்காக இராது. மலையைப் பார்ப்பதற்காகவே இருக்கும். அப்போது கூட்டமும் ஒரே மாதத்தில் மோதாமல் ஆண்டு முழுவதும் பரவும், மலையும் தாங்கும். ஏற்காட்டைக் காப்பாற்ற நினைப்பவர்கள் முதல் மரத்தை நட வேண்டிய இடம் சேலத்துத் தெரு.