பள்ளிப்பட்டின் தரைப்பாலமும் மலாவியின் வெள்ளமும்

ஆந்திரத்தின் கிருஷ்ணாபுரம் அணை நிரம்பித் திறக்கப்பட்டால், தமிழ்நாட்டின் பள்ளிப்பட்டில் கொசஸ்தலை ஆற்றுத் தரைப்பாலங்கள் மூழ்கிவிடும். 2021 நவம்பரிலும் அதுதான் நடந்தது. அக்கரைக் கிராமங்கள் துண்டிக்கப்பட்டால் அன்றைய கூலி போகும், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் போகும். தண்ணீர் வடிந்த பிறகு அரசு தருவதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் நிவாரணம். இந்தச் சொல்லே தவறு என்பேன். நிவாரணம் கொடுப்பவரின் இரக்கத்தைச் சொல்லும். இழப்பீடு, கொடுக்க வேண்டியவரின் கடனைச் சொல்லும். ஆப்பிரிக்கக் கண்டத்தின் தெற்கிலுள்ள மலாவி, புகை கக்கி உலகைச் சூடாக்கிய நாடுகளிடம் கேட்பதும் அந்தக் கடனைத்தான். 2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் அந்த நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அடுத்த ஆண்டே மழை பொய்த்து மக்காச்சோளம் கருக, மலாவியும் ஜாம்பியாவும் ஜிம்பாப்வேயும் பேரிடர் அறிவித்தன. மலாவியில் ஒருவர் ஓராண்டில் வெளியிடும் கரியமில வாயு சுமார் 100 கிலோ. அமெரிக்கர் ஒருவர் அதை மூன்றே நாளில் வெளியிட்டுவிடுகிறார்.

மொத்த உமிழ்வில் உலகின் மூன்றாம் இடத்தில் இருக்கும் இந்தியா இழப்பீடு கேட்டு மலாவியோடு வரிசையில் நிற்கலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தலைக்குக் கணக்கிட்டால் நம் உமிழ்வு ஆண்டுக்குச் சுமார் 2 டன். உலகச் சராசரியில் பாதிகூட இல்லை. அந்த 2 டன்னிலும் பெருநகரத்துக் குளிர்சாதன மாளிகையின் பங்கும் பொதட்டூர்பேட்டை விசைத்தறித் தொழிலாளியின் பங்கும் ஒன்றல்ல. பணக்கார நாடுகளிடம் நாம் பேசும் நியாயம் நம் வீட்டுக்குள்ளும் செல்ல வேண்டும். வெள்ளத்துக்குக் காரணம் தாழ்வான பாலமும் அணை நிர்வாகமும்தானே, பருவநிலையை ஏன் இழுக்க வேண்டும் என்பது இன்னொரு வாதம். இன்ன வெள்ளத்துக்கு இன்ன புகைதான் காரணம் என்று விரல் நீட்டிச் சொல்ல முடியாது, உண்மை. ஆனால் ஒரு டிகிரி சூடேறினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அது பெருமழையாக இறங்கும். அந்தக் காலத்து மழைக்குக் கட்டிய தரைப்பாலம் இந்த மழைக்குத் தாங்காது. புதிய பாலத்தின் செலவும் அந்தக் கடனில் சேர்ந்ததே.

பருவநிலை மாற்றத்தால் வரும் இழப்பு, சேதத்துக்கான நிதிக்கு 2022இல் எகிப்தில் நடந்த பருவநிலை மாநாட்டில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. 2023இல் துபாய் மாநாட்டில் அதற்கு அறிவித்தது ஏறத்தாழ 70 கோடி டாலர். 2024இல் பாகு மாநாட்டில் மொத்தப் பருவநிலை நிதியாக வளரும் நாடுகள் ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர் கேட்க, 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று முடித்தார்கள். போதாது என்று இந்தியா அந்த அரங்கிலேயே எதிர்த்தது, சரியாகவே எதிர்த்தது. அதே உறுதியோடு சென்னையும் டெல்லியும் கொசஸ்தலைக் கரையைப் பார்க்கட்டும். தரைப்பாலம் மிஞ்சியிருக்கும் இடமெல்லாம் உயர்மட்டப் பாலம் எழட்டும். அணை திறக்கும் செய்தி தண்ணீருக்கு முன்னால் கிராமத்துக்கு வந்து சேரட்டும்.