ஒரே பந்தியில் தொடங்கட்டும் குழு உணர்வு

வ.வே.சு. ஐயர் 1922-ல் தொடங்கிய தமிழ்க் குருகுலம், தாமிரபரணிக் கரையில் உள்ள சேரன்மகாதேவியில் நடந்தது. பல சாதிப் பிள்ளைகள் அங்கே ஒன்றாகப் படித்தார்கள். உடற்பயிற்சி, கைத்தொழில், தேசப்பற்று எல்லாம் பாடத்தில் இருந்தன. இன்றைய நிறுவனங்கள் ‘டீம் பில்டிங்’ என்ற பெயரில் செய்ய நினைக்கும் பலவற்றை அந்தக் குருகுலம் அன்றே செய்துகொண்டிருந்தது. ஆனால், பிராமண மாணவர்கள் இருவருக்கு மட்டும் சாப்பாடு தனியே போடப்பட்டது. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 5,000 ரூபாய் கொடுத்திருந்த இடத்தில் இது நடக்கலாமா என்று பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கேட்டார்கள். காந்தி வரை போன விவகாரம், 1925-ல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகுவதில் வந்து நின்றது.

சேர்ந்து படித்ததும் சேர்ந்து பயிற்சி எடுத்ததும் பந்தி பிரிந்த இடத்தில் பலனில்லாமல் போயின. நூறாண்டு கழித்தும் நெல்லைச் சீமையின் நிறுவனங்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

வேலைக்காகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் ரயிலேறிய வட்டாரம் இது. இப்போது கங்கைகொண்டான் சிப்காட்டில் டயரும் சோலார் பேனலும் தயாராகின்றன. தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் மென்பொருள் எழுதுகிறது. பாளையங்கோட்டையில் மருத்துவமனைகளும் கல்லூரிகளும் வங்கிகளும் நிறைந்திருக்கின்றன. முதல் தலைமுறையாக அலுவலகத்துக்குள் காலெடுத்து வைக்கும் பெண்களும் இளைஞர்களும், வெவ்வேறு ஊர்களிலிருந்தும் தெருக்களிலிருந்தும் வந்து ஒரே ஷிஃப்டில் நிற்கிறார்கள். இவர்களை ஒரு குழுவாக்கும் பொறுப்பு மனிதவளத் துறையிடம் வருகிறது.

அத்துறைக்குப் பழகிய வழி ஒன்று உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்துக்கு வேன். ஒரே நிறத்தில் டி-ஷர்ட். பலூன் உடைத்தல், இசை நாற்காலி, கயிறு இழுத்தல். மதியம் பிரியாணி, மாலை குழுப் படம். மறுநாள் காலையில் பழைய மனக்கசப்புகள் அதே மேசைகளில் காத்திருக்கின்றன. விளையாட்டில் தவறில்லை, சாரல் காலத்தில் குற்றாலம் போக யாருக்குத்தான் ஆசை இருக்காது? அதை உல்லாசப் பயணம் என்றே அழைக்கலாம். குழுவை உருவாக்கும் முயற்சி வேறு, அதற்குத் தனியே திட்டமிட வேண்டும்.

எது பலன் தருகிறது என்பது ஏற்கெனவே ஆராயப்பட்டிருக்கிறது. குழு உருவாக்கப் பயிற்சிகள் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து அமெரிக்க ஆய்வாளர்கள் 2009-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இலக்கை வகுத்தல், ஒவ்வொருவரின் பங்கையும் தெளிவாக்குதல், உறவை வளர்த்தல், சிக்கலைத் தீர்த்தல் என்று நான்கு அம்சங்களை அவர்கள் எடை போட்டார்கள். முதல் இரண்டுக்கும்தான் கூடுதல் பலன் தெரிந்தது.

நெல்லைக்காரர்களுக்கு இதை விளக்க ஆனித் தேரோட்டம் போதும். நெல்லையப்பர் தேரின் எடை சுமார் 450 டன். ரத வீதிகளில் அதை இழுப்பவை மனிதக் கைகளே. வடம் பிடிப்பவர்கள் ஆயிரக்கணக்கானோர் என்றாலும், முட்டுக்கட்டை போட்டு வேகத்தை அடக்குபவர்களும் திருப்பத்தில் தேரைத் திசை மாற்றுபவர்களும் தேர்ந்த சிலர்தான். போய்ச் சேர வேண்டிய நிலை எது என்பது எல்லோருக்கும் தெரியும்; யார் எங்கே நிற்பது என்பதும் தெரியும். அதனால்தான் முன்பின் அறியாதவர்கள் கூடியும் அவ்வளவு பெரிய தேர் நகர்கிறது.

அதே தேர் இன்னொன்றையும் கற்றுக் கொடுத்தது. 2024 தேரோட்டத்தில் சுவாமி தேரின் வடங்கள் அடுத்தடுத்து அறுந்தன. திருச்செந்தூரிலிருந்து வடம் வரவழைக்க வேண்டியதாயிற்று. அன்று கூட்டத்தின் உற்சாகத்தில் ஒரு குறையும் இல்லை. குறை வடத்தில் இருந்தது. ஆள் பற்றாக்குறை, பழுதான இயந்திரம், குழப்பமான உத்தரவு ஆகியவற்றால் சோர்ந்திருக்கும் ஊழியர்களுக்கு விளையாட்டுப் போட்டி வைப்பதில் என்ன பயன்? முதலில் வடத்தை மாற்ற வேண்டும்.

இனி பந்திக்கு வருவோம். தீயணைப்பு வீரர்களை ஆராய்ந்த கார்னெல் பல்கலைக்கழகத்தினர், சேர்ந்து சமைத்துச் சேர்ந்து சாப்பிடும் குழுக்கள் பணியிலும் சிறப்பாகச் செயல்படுவதாக 2015-ல் எழுதினார்கள். நெல்லை மாவட்டத்தில் இதன் பொருள் இன்னும் ஆழமானது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு பள்ளி மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு, மாணவர்கள் சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை விதிக்கப் பரிந்துரைத்தது. பள்ளியில் கயிற்றோடு வளர்ந்தவர்களும் அதற்குப் பயந்து வளர்ந்தவர்களும் நாளை ஒரே அலுவலகத்தில் சேருவார்கள். பழகியவர்களோடு மட்டும் டிபன் பாக்ஸைத் திறக்கும் வழக்கத்தை மாற்ற, நிர்வாகம் திட்டமிட்டே முயல வேண்டும். வாரம் ஒருநாள் அலுவலகச் செலவில் சொதிச் சாப்பாடு போடலாம். குலுக்கல் முறையில் இடம் ஒதுக்கலாம். மேலாளர் பரிமாறட்டும். ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளரும் காவலாளியும் ஓட்டுநரும் அதே பந்தியில் உட்காரட்டும். குற்றாலப் பயணத்தை விட இதற்கு ஆகும் செலவு குறைவு.

அடுத்து, எல்லோரும் சேர்ந்து முடிக்க ஓர் உண்மையான வேலை வேண்டும். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஃபிளெமிங், பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் பதில்களை ஆராய்ந்து 2024-ல் முடிவுகளை வெளியிட்டார். மன அழுத்தத்தைக் குறைக்கும் பயிற்சி, மனநலச் செயலிகள் போன்றவற்றில் சேர்ந்தவர்கள் சேராதவர்களை விட நன்றாக இருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. தொண்டுப் பணியில் ஈடுபட்டவர்களிடம் மட்டும் நல்ல மாற்றம் தென்பட்டது.

தொண்டுக்குத் தாமிரபரணியில் இடமா இல்லை? மணிமுத்தாறில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம், 2011 முதல் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பை நடத்திவருகிறது. நெல்லை, தூத்துக்குடி மாவட்டக் குளங்களுக்குத் தன்னார்வலர்கள் அணி அணியாகப் போகிறார்கள். பறவையை அடையாளம் காண்பவர், எண்ணுபவர், எழுதுபவர் ஆகிய மூவரும் ஒத்துழைத்தால்தான் கணக்கு சரியாக வரும். கண் கூர்மையான கடைநிலை ஊழியர் சொல்ல, பொது மேலாளர் எழுதிக்கொள்ளும் நிலை அங்கே இயல்பாகவே அமையும். பாபநாசத்தில் பக்தர்கள் ஆற்றில் விட்டுப் போகும் துணிகளை அகற்றவும், குளக்கரைகளில் மரக்கன்று நட்டு மூன்றாண்டு வளர்க்கவும் ஆட்கள் தேவை. ஒருநாள் படம் எடுத்துவிட்டுத் திரும்புவதில் பயனில்லை. ஒரு குளத்தை ஏற்று ஆண்டு முழுக்கப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த வேலைகளுக்கு ஊழியரின் ஞாயிற்றுக்கிழமையைக் கேட்பது நியாயமாகாது. வீட்டு வேலையும் பிள்ளைகளும் காத்திருக்கும் பெண்களுக்கு அது தண்டனை. சம்பளம் தரும் வேலை நாளிலேயே நேரம் ஒதுக்க வேண்டும். வயதானவர், கர்ப்பிணி, மாற்றுத்திறனாளி ஆகியோருக்கும் பொருத்தமான பங்கு இருக்க வேண்டும். வர விரும்பாதவரை வற்புறுத்தக் கூடாது. ஆறு மாதம் கழித்து, அலுவலகத்தில் எது மாறியது என்று ஊழியர்களிடமே கேட்க வேண்டும்.

நெல்லையிலும் தென்காசியிலும் அடுத்த ஆண்டுக்கான செலவுத் திட்டத்தைத் தயாரிக்கும் மேலாளர்கள், ரிசார்ட்டுக்கு முன்பணம் கட்டும் முன் தங்கள் சாப்பாட்டு அறைக்கு ஒருமுறை போய்வர வேண்டும். அங்கே யார் யாரோடு உட்காருகிறார்கள், யார் தனியே சாப்பிடுகிறார்கள் என்று பார்த்துவிட்டுத் திட்டமிடுங்கள்.