ஒரு குகை, இரண்டு குடும்பங்கள்

கம்ப்யூட்டர் விளையாட்டு என்றால் படம் வேண்டும், சத்தம் வேண்டும், துரத்தல் வேண்டும் என்பதெல்லாம் பின்னால் வந்த நியதி. ஒரு காலத்தில் அது வெறும் எழுத்து. நீங்கள் நிற்கும் இடத்தை இயந்திரம் இரண்டு வரியில் வர்ணிக்கும். 'வடக்கே போ', 'விளக்கை எடு' என்று நீங்கள் ஆங்கிலத்தில் தட்டினால் கதை நகரும். தவறாகத் தட்டினால் புரியவில்லை என்று கைவிரிக்கும்.

இந்த வகையின் மூதாதை, முறிந்துபோன ஒரு மணவாழ்க்கையிலிருந்து வந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் புரோகிராமராக இருந்த வில் க்ரௌதர், இன்டர்நெட்டின் முன்னோடியான ஆர்பாநெட்டை உருவாக்கிய குழுவைச் சேர்ந்தவர். அவரும் மனைவி பட்ரீஷியாவும் குகைப் பைத்தியங்கள். கென்டகி மாநிலத்துக் குகைகளைத் தவழ்ந்து அளந்து வரைபடம் போட்டவர்கள். ஃப்ளின்ட் ரிட்ஜ் குகையும் மேமத் குகையும் பூமிக்கடியில் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்று 1972 செப்டம்பரில் கண்டுபிடித்த குழுவில் பட்ரீஷியா இருந்தார். சில ஆண்டுகளில் தம்பதி பிரிந்தனர். தனியே நின்ற க்ரௌதர், தன் இரண்டு மகள்கள் விளையாடுவதற்காக, 1975-76 வாக்கில் அதே குகையைச் சொற்களால் கட்டினார். குகை நிஜம், குள்ளர்களும் மந்திரச் சொல்லும் கற்பனை. ஸ்டான்ஃபோர்டில் டான் வுட்ஸ் 1977-ல் அதை விரிவாக்கினார். 'கொலோசல் கேவ் அட்வென்ச்சர்' நெட்வொர்க் வழியே கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் தாவியது.

1979-ல் அது கலிபோர்னியாவில் இன்னொரு வீட்டுக்குள் நுழைந்தது. கென் வில்லியம்ஸ் புரோகிராமர். வேலைக்காக வீட்டுக்குக் கொண்டுவந்த டெலிடைப் கருவியில், தூரத்துப் பெரிய கம்ப்யூட்டரில் இருந்த இந்தக் குகை தட்டுப்பட்டது. மனைவி ராபர்ட்டாவைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு சின்னப் பையன்களின் தாய். கம்ப்யூட்டரில் நாட்டமே இல்லாதவர். கென் சீக்கிரமே தன் வேலைக்குத் திரும்பிவிட்டார். ராபர்ட்டாதான் குகையை விட்டு வெளியே வர மறுத்தார். விளையாடி முடித்ததும் இதுபோல வேறு ஏதாவது உண்டா என்று தேடினார். மனசுக்கு நிறைவாக எதுவும் கிடைக்கவில்லை. சமையலறை மேஜையில் தாளை விரித்துத் தானே ஒன்றை எழுத உட்கார்ந்தார்.

ஒரு பழைய மாளிகை, ஒவ்வொருவராகச் செத்து விழும் விருந்தாளிகள், அவர்களில் ஒருவரே கொலையாளி. அகதா கிறிஸ்டியின் நிழல் தெரிகிற கதைதான். ஆப்பிள் கம்ப்யூட்டருக்கு 'உருப்படியான' சாப்ட்வேர் எழுதும் நினைப்பில் இருந்த கென்னுக்கு இதில் பெரிய அக்கறை இல்லை. ராபர்ட்டா அவரை ஓட்டலுக்கு அழைத்துப்போய், சாப்பாட்டு மேஜையில் முழுக் கதையையும் சொல்லிச் சம்மதிக்க வைத்தார். வெறும் எழுத்து போதாது, படமும் வேண்டும் என்பதும் அவர் யோசனையே. ஒரு ஃப்ளாப்பியில் எழுபது படங்களுக்கு இடம் ஏது? படத்தைச் சேமிக்காமல், கோடுகளை எங்கிருந்து எங்கே இழுப்பது என்ற குறிப்பை மட்டும் சேமித்துச் சமாளித்தார் கென். 1980 மே மாதம் 'மிஸ்டரி ஹவுஸ்' வெளிவந்தது. பிளாஸ்டிக் பையில் போட்டு 24.95 டாலருக்கு விற்றார்கள். 10,000 பிரதிகளுக்கு மேல் போனது. 'சியரா ஆன்-லைன்' என்று பின்னாளில் பேர்பெற்ற கம்பெனியின் தொடக்கம் அது.

இதைக் 'கணவன் மனைவி சேர்ந்து செய்தது' என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் குடும்பத் தொழில்களில் கதை வேறு மாதிரி பதிவாவதே வழக்கம். புரோகிராம் எழுதியவர் நிபுணர். யோசித்தவர் ஒத்தாசைக்கு நின்றவர். ராபர்ட்டாவின் பெயர் அப்படி மறையவில்லை. 1984-ல் வந்த 'கிங்ஸ் க்வெஸ்ட்' அவர் பெயரைச் சொல்லியே விற்றது. கம்பெனி 1996-ல் கைமாறியது. 1999-ல் அதன் பழைய அலுவலகத்தில் ஏராளமானோர் வேலை இழந்தார்கள். வாழ்நாள் உழைப்பு அப்படிக் கலைந்தபின், தம்பதி நெடுங்காலம் ஒதுங்கியிருந்தனர். 2023-ல் திரும்பி வந்தபோது அவர்கள் கையில் எடுத்தது தங்கள் சொந்தக் கதைகளை அல்ல. க்ரௌதரின் அதே குகையை, புதிய வடிவில்.

மொழிபெயர்ப்புக்காரர்களுக்கு இதில் தனி ருசி உண்டு. அந்த ஆங்கிலக் குகைக்கு இரண்டு சொல் போதும். ஒவ்வொரு சொல்லிலும் முதல் ஐந்து எழுத்தைத்தான் அது பார்க்கும். தமிழில் வினை சுலபம்: எடு, திற, போ. வேர்ச்சொல்லே ஏவல். சிக்கல் பெயர்ச்சொல்லில் இருக்கிறது. கதவு 'கதவை' ஆகும். மரமோ 'மரத்தை', ஆறோ 'ஆற்றை' என்று முகம் மாறும். 'விளக்கை எடு', 'எடு விளக்கை' இரண்டும் சரி. ஆக, தமிழ்க் குகைக்கு முதலில் வேண்டியது இரண்டாம் வேற்றுமை தெரிந்த ஒருவர். அவர் புரோகிராமராக இருக்க வேண்டியதில்லை. புரோகிராம் தெரிந்த ஒருவரைச் சாப்பாட்டு மேஜையில் சம்மதிக்க வைக்கத் தெரிந்தால் போதும்.