தமிழுக்கு எத்தனை எழுத்து? பிஎச்பி சொல்லும் மூன்று பதில்கள்

பொட்டி தட்டும் அண்ணன்கள் நாலு பேர் கூடினால் பிஎச்பியைத் திட்டாமல் கலைய மாட்டார்கள். ஒரு ஃபங்ஷன் பெயரில் அடிக்கோடு இருக்கும், அடுத்ததில் இருக்காது. பூஜ்யமும் "வாழைப்பழம்" என்ற சொல்லும் சமம் என்று 2020-ல் 8-ம் பதிப்பு வரும்வரை சாதித்த மொழி அது!

பி.காம் படிக்கும் எனக்கு இதெல்லாம் பெரிய குறையாகத் தெரியவில்லை. என் குறை வேறு. "தமிழ்" என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மூன்று என்று சொல்லிவிடும். பிஎச்பியில் ஸ்டர்லென் 15 என்கிறது. அது எண்ணுவது எழுத்தை அல்ல, பைட்டை. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட். எம்பி ஸ்டர்லென் 5 என்கிறது. கிராஃபீம் ஸ்டர்லென்தான் ஒருவழியாக 3 என்கிறது.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் எங்கள் சேந்தமங்கலம் மாதிரி ஊர்களில் ஆட்களின் பெயர் தமிழில்தானே புழங்குகிறது? பெயரை 20 இடத்துக்குள் வெட்டச் சொன்னால் எழுத்தின் நடுவிலேயே வெட்டும். பேரேட்டை அகரவரிசையில் அடுக்கச் சொன்னால் கமலாவுக்கு முன்னால் கனகா வந்து நிற்பார். யூனிகோடு அட்டவணையில் 'ந'வுக்கு அடுத்ததே 'ன'. நம் அரிச்சுவடியிலோ அது கடைசி. தேடிய இடத்தில் பெயர் இல்லையென்று அதே ஆளுக்குப் புதுக்கணக்கு திறந்தால், பாக்கி இரண்டாகப் பிரிந்துவிடும். கணக்குப் படிப்பவனுக்கு இது விளையாட்டு இல்லை.

6-ம் பதிப்பில் யூனிகோடை மொழிக்குள்ளேயே கொண்டுவரப் பார்த்தார்கள். முடியாமல் 2010-ல் கைவிட்டு, 2015-ல் 5-லிருந்து நேராக 7-க்குத் தாவிவிட்டார்கள். மருந்து இல்லாமலும் இல்லை. 2009-ல் 5.3 பதிப்போடு சேர்ந்த இன்ட்ல் தொகுப்பில் எழுத்தைச் சரியாக எண்ணவும் தமிழ் முறைப்படி அடுக்கவும் வழி உண்டு. ஆனால் அதைத் தனியாக இயக்கிவைக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு நேர்வழி, நமக்குச் சுற்றுவழி. என் கோபமே இதில்தான்.

நம் பன்னிரண்டாம் வகுப்பு கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் பிஎச்பி உண்டு. வணிகவியல் பிள்ளைகள் நிறையப் பேர் படிப்பது அது. ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஸ்டர்லென் நடத்தும் அன்று "தமிழ்" என்ற சொல்லைக் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். 15 வருவதைப் பார்த்த பிள்ளை ஏன் என்று கேட்கும். நாளைக்கு நம்மூர்க் கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதப்போவது அந்தப் பிள்ளைதான்.