ஏக்கர் 180 டாலருக்கு வாங்கிய நிலம்: விலையை ஏற்றியது யார், லாபம் யாருக்கு?

தோழர்களே, அஞ்சு நிமிஷம் ஒதுக்கி முழுசாப் படிங்க.

நிலத்தைப் பற்றி நாம எப்போ பேசினாலும் வரும் முதல் கேள்வி இதுதான்: "அவங்க நிலம், அவங்க விக்கிறாங்க. உங்களுக்கு என்ன?"

இதுக்குப் பதில் சொல்ல, உலகத்துக்கே தெரிஞ்ச ஒரு இடத்தை எடுத்துக்குவோம். டிஸ்னி வேர்ல்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கு. கோட்டை, மிக்கி மவுஸ், ராட்டினம் எல்லாம் படத்தில் பார்த்திருப்பீங்க. இன்னிக்கு அதைச் சுற்றி இருக்கிற நிலத்தை மட்டும் பார்ப்போம்.

1964, 65-ல் அந்த நிலம் வாங்கப்பட்டது. மொத்தம் சுமார் 27,400 ஏக்கர். சதுப்பு நிலம், புதர்க்காடு, மாட்டுப் பண்ணை. டிஸ்னி பெயர் எங்கேயும் வரலை. வேற வேற பெயரில் சின்னச் சின்ன கம்பெனிகளைத் தொடங்கி, அதுங்க மூலமா வாங்கினாங்க. மொத்தச் செலவு 50 லட்சம் டாலர் சொச்சம். சராசரியா ஏக்கருக்கு 180 டாலர்.

ஏன் இந்த ரகசியம்? பெயர் தெரிஞ்சா விலை ஏறும். அவ்வளவுதான். 1965 அக்டோபரில் உள்ளூர்ப் பத்திரிகை விஷயத்தை உடைச்சதும் சுற்றுவட்டார நிலத்தின் விலை எகிறிப் போச்சு. ஆனா ஏற்கெனவே வித்துட்டுப் போனவங்களுக்கு அந்த ஏற்றத்தில் ஒரு சல்லிக்காசு கிடைக்கலை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. நிலம் வாங்கத் தொடங்கிய கம்பெனிகளில் ஒன்றின் பெயர் 'ஐஃபோர் கார்ப்பரேஷன்'. ஐ-4 என்பது அந்த வழியாப் போகும் தேசிய நெடுஞ்சாலை. மக்கள் வரிப்பணத்தில் போட்ட ரோடு. அந்த ரோடு வந்ததாலதான் அந்தச் சதுப்பு நிலத்துக்கு மதிப்பே வந்தது. கம்பெனிக்கும் அது நல்லாவே தெரியும். அதனாலதான் பெயரையே அங்கிருந்து எடுத்திருக்காங்க!

அடுத்தது சட்டம். 1967-ல் ஃபுளோரிடா சட்டமன்றம் 'ரீடி கிரீக் மேம்பாட்டு மாவட்டம்' என்று ஒரு தனி அமைப்பை உருவாக்கிக் கொடுத்தது. கட்டட அனுமதி, ரோடு, வடிகால், தீயணைப்பு எல்லாம் அவங்க கையில். அணுமின் நிலையம் கட்டும் அதிகாரம் வரைக்கும் அந்தச் சட்டத்தில் இருந்தது. வரிவிலக்குப் பத்திரம் வெளியிட்டு மலிவு வட்டியில் கடன் வாங்கவும் செய்யலாம்.

அந்த மாவட்டத்தின் நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுத்தது யார்? நில உரிமையாளர்கள். எப்படி? ஒரு ஏக்கருக்கு ஒரு ஓட்டு. ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு இல்லை, ஒரு ஏக்கருக்கு ஒரு ஓட்டு. கிட்டத்தட்ட எல்லா ஏக்கரும் யாருடையது என்று நான் சொல்லணுமா?

இவ்வளவு அதிகாரம் கேட்டப்போ காட்டிய கனவு என்ன தெரியுமா? 'எப்காட்' என்ற எதிர்கால நகரம். 20,000 பேர் குடியிருப்பாங்க என்றார் வால்ட் டிஸ்னி. 1966 டிசம்பரில் அவர் இறந்துவிட்டார். 1982-ல் 'எப்காட்' திறந்தாங்க. நகரமா இல்லை, இன்னொரு பூங்காவா. நகரம் வரலை, நகரத்துக்காக வாங்கிய அதிகாரம் மட்டும் இருந்தது.

இப்போ விற்பனைக்கு வருவோம்.

1990-களில் நிலத்தின் தெற்குப் பக்கத்தில் 4,900 ஏக்கரை எடுத்து 'செலிப்ரேஷன்' என்று ஒரு ஊரையே கட்டி வித்தாங்க. முதல் வீடுகளுக்கு ஆள் அதிகமா வந்ததால் 1995 நவம்பரில் குலுக்கல் நடந்தது. 1996-ல் குடும்பங்கள் வந்தன.

ஆனா விக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணாங்க. அந்த நிலத்தை ரீடி கிரீக் எல்லையிலிருந்து வெளியே எடுத்து, பக்கத்து ஆஸியோலா மாவட்ட நிர்வாகத்தின் கீழே விட்டுட்டாங்க. எல்லைக்குள்ளேயே இருந்தா, மனை வாங்கிய ஒவ்வொருத்தரும் நில உரிமையாளர். ஓட்டு கேட்பாங்க, கணக்கு கேட்பாங்க. நிலத்தை வித்தாங்க, ஓட்டை விக்கலை. இந்தக் கதையில் நாம கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

2004-ல் அந்த ஊரின் மையப் பகுதியை, கடைத்தெருவோடு சேர்த்து, ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு வித்துட்டுப் போனாங்க. 2016-ல் அங்கே இருந்த அடுக்குமாடி வீட்டுக்காரங்க, கூரை ஒழுகுது, மரம் உளுத்துப் போச்சு என்று கோர்ட்டுக்குப் போனாங்க. டிஸ்னி பெயரை நம்பி வாங்கியவங்க யாருடன் மல்லுக்கட்ட வேண்டி வந்தது பாருங்க.

2010-ல் 'கோல்டன் ஓக்' அறிவிப்பு வந்தது. பூங்கா நிலத்துக்குள்ளேயே கோடீஸ்வரர்களுக்கான வீடுகள். ஆரம்ப விலையே சுமார் 15 லட்சம் டாலர். ஏக்கர் 180 டாலருக்கு வாங்கிய அதே நிலப்பரப்பு!

சரி, அங்கே வேலை பார்க்கிறவங்க எங்கே தங்கினாங்க? பூங்காவுக்குப் பக்கத்தில் 192-ஆம் நெடுஞ்சாலை ஓரம் வரிசையா மலிவு விலை விடுதிகள். சுற்றுலாப் பயணிகளுக்காகக் கட்டியது. வீட்டு வாடகைக்கு முன்பணம் கட்ட முடியாத குடும்பங்கள் அதில் வாரக்கணக்கில் வாடகை கொடுத்துக் குடியிருந்தன. 2017-ல் வந்த 'தி ஃபுளோரிடா ப்ராஜெக்ட்' படம் அந்த விடுதிக் குழந்தைகளைப் பற்றியதுதான்.

இதையும் சேர்த்துப் படிங்க. 1990-ல் வரிவிலக்குப் பத்திரத்துக்கான அரசு ஒதுக்கீடு வந்தது. முதலில் வருபவருக்கு முதலில். பக்கத்து ஆரஞ்சு மாவட்ட நிர்வாகம் அதை ஏழைகளுக்கு வீடு கட்டக் கேட்க நினைச்சது. ரீடி கிரீக் முந்திக்கிட்டு, சுமார் 5.7 கோடி டாலரைத் தன்னுடைய கழிவுநீர் வேலைக்கு எடுத்துக்கிட்டது. சட்டப்படி தப்பே இல்லை. சட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது.

எதிர்த்தரப்பு வாதத்தையும் நேர்மையா வைப்போம். வேலை கிடைச்சது, உண்மை. பல்லாயிரக்கணக்கான பேருக்கு. ஆனா மணிக்கு 15 டாலர் குறைந்தபட்ச ஊதியம் தானா வரலை. 2018-ல் தொழிற்சங்கங்கள் போராடி ஒப்பந்தம் போட்டதால் வந்தது. 2022-ல் மலிவு வாடகை வீடுகளுக்கு சுமார் 80 ஏக்கர் ஒதுக்குறோம் என்று டிஸ்னி அறிவிச்சது, அதுவும் உண்மை. பூங்கா திறந்து 50 வருஷம் கழிச்சு, 27,400 ஏக்கர் வாங்கிய இடத்தில் 80 ஏக்கர்.

2023-ல் மாநில அரசு அந்த மாவட்டத்தைக் கம்பெனியிடமிருந்து பிடுங்கியது. பிடுங்கி யாரிடம் கொடுத்தது? ஆளுநர் நியமிக்கும் ஐந்து பேரிடம். தொழிலாளிக்கு அப்பவும் ஓட்டு இல்லை.

இப்போ முதல் கேள்விக்கு வாங்க. "அவங்க நிலம், உங்களுக்கு என்ன?"

வாங்கியது அவங்க காசு, மறுக்கலை. பூங்காவைக் கட்டியதும் அவங்க உழைப்பு, முதலீடு. ஆனா 180 டாலர் லட்சங்களா ஆனதில் அரசு போட்ட ரோடு இருக்கு, சட்டமன்றம் கொடுத்த அதிகாரம் இருக்கு, வரிவிலக்குக் கடன் இருக்கு, தினமும் பூங்காவைப் பெருக்கித் துடைச்ச கைகள் இருக்கு. ஏற்றத்தில் பங்கு இருக்கிறவங்களுக்கு விற்பனையிலும் பங்கு வேணும். நாம கேட்கிறது தானம் இல்லை.

நம்ம நாட்டிலேயே இதுக்கு ஒரு முன்மாதிரி இருக்கு. 2013 நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் 102-ஆம் பிரிவு. அந்தச் சட்டத்தில் எடுத்த நிலத்தை எந்த வளர்ச்சிப் பணியும் செய்யாம கைமாற்றினா, ஏறிய மதிப்பில் 40 சதவீதம் நிலம் கொடுத்தவங்களுக்குப் போகணும். ஆனா டிஸ்னி மாதிரி தனியார் நேரடியா வாங்கி, பாதி நிலத்தில் பூங்கா கட்டி, மீதியை மனை போட்டு வித்தா இந்தப் பிரிவு தொடாது. அந்த ஓட்டையைத்தான் அடைக்கணும்.

அதனால உங்க ஊருக்கு ஒரு பெரிய பூங்காவோ ரிசார்ட்டோ வருதுன்னு சொன்னா, எதிர்க்கறதுக்கு முன்னாடியும் கைதட்டுறதுக்கு முன்னாடியும் மூன்று கேள்வி கேளுங்க:

1. திட்டத்துக்கு எத்தனை ஏக்கர் தேவை, எத்தனை ஏக்கர் வாங்குறாங்க?
2. மீதி நிலத்தை வித்தா, ஏறிய மதிப்பில் நிலம் கொடுத்தவருக்கும் உள்ளாட்சிக்கும் எவ்வளவு?
3. அங்கே வேலை பார்க்கப் போறவர் எங்கே குடியிருப்பார்?

பதில் எழுத்தில் வாங்குங்க. வாய்ச்சொல்லில் 20,000 பேருக்கு நகரம் என்று சொல்லித்தான் அங்கே சட்டத்தை வாங்கினாங்க.

படிச்சுட்டு உங்க ஊர் வாட்ஸ்அப் குழுவில் பகிருங்க தோழர்களே. குறிப்பா "உங்களுக்கு என்ன?" என்று கேட்ட நண்பருக்கு.

– தகவல் தொழில்நுட்ப அணி

#நிலமதிப்பில்_மக்கள்பங்கு