கம்ப்யூட்டரில் வரைந்தாலும் நூல் பிடிக்க வேண்டும்!

திருநள்ளாறைச் சுற்றிலும் வயல்கள். தை மாதம் வந்தால் சம்பா அறுவடை. அந்த நேரத்தில் அறுவடை இயந்திரத்தின் கப்பி ஒன்று உடைந்து விட்டது என்று வைத்துக்கொள்வோம். புதிய கப்பி வெளியூரில் இருந்து வர நாள் ஆகும். முற்றிய கதிர் அதுவரை நிற்குமா?

அதே கப்பியை உள்ளூர் லேத் பட்டறையில் கடைந்து விடலாம். அதற்குச் சரியான படம் வேண்டும்.

முன்பு இந்தப் படங்களைப் பெரிய பலகையில் காகிதம் விரித்து வரைந்தார்கள். 1963-ம் ஆண்டில், அமெரிக்காவில் ஐவன் சதர்லாண்ட் என்பவர் ஒளிப் பேனாவால் திரையில் வரைந்து காட்டினார். இன்று உலகம் முழுவதும் இயந்திரப் பாகங்களைக் கம்ப்யூட்டரில்தான் வரைகிறார்கள். இந்த முறைக்கு ‘கேட்’ என்று பெயர்.

பெற்றோர் கேட்கும் கேள்வி

காரைக்கால் மாவட்டத்திலேயே, திருவேட்டக்குடியில், தேசிய தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. மகனையோ மகளையோ என்ஜினீயர் ஆக்க வேண்டும் என்பது பல குடும்பங்களின் ஆசை. “எந்த சாப்ட்வேர் படித்தால் வேலை கிடைக்கும்?” என்றுதான் பெற்றோர் கேட்கிறார்கள்.

பெயரைப் பார்த்துப் பணம் கட்டினால் மட்டும் போதாது. ஒரு சாப்ட்வேரில் இருக்கும் பொத்தான் இன்னொன்றில் வேறு இடத்தில் இருக்கும். ஆனால் வரையும் ஒழுங்கு எல்லாவற்றிலும் ஒன்றுதான். அதைக் கற்றவர் எதிலும் வேலை செய்வார்.

அந்த ஒழுங்கைப் பழக விலை கொடுக்கவும் வேண்டியதில்லை. ‘பிரீகேட்’ என்ற இலவச சாப்ட்வேர் 2002-ம் ஆண்டு முதல் வளர்ந்து வருகிறது. அதன் 1.0 பதிப்பு 2024 நவம்பரில் வெளிவந்தது. அதை வைத்துத் தொழிலும் செய்யலாம்.

நாம் கப்பியை வரைவோம்

முதல் வேலை நூல் பிடிப்பது. கொத்தனார் நூல் கட்டாமல் சுவர் எழுப்புவாரா? திரையிலும் நடுப்புள்ளி ஒன்று இருக்கிறது. அதன் வழியே செல்லும் கோட்டை அச்சாக வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். முழுக் கப்பியையும் வரைய வேண்டாம். வெட்டுமுகத்தில் பாதியை வரைந்து, அச்சைச் சுற்றிச் சுழற்றினால் போதும். முழுக் கப்பி தயார்!

இரண்டாவது, கட்டுப்பாடு. எந்தக் கோடு படுக்கை, எது நேர்க்குத்து, எது எவ்வளவு நீளம் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். ஒன்றை விட்டாலும், பின்னால் அளவை மாற்றும்போது படம் கோணிக்கொள்ளும். பிரீகேட்டில் எல்லாம் கட்டுப்பட்டதும் கோடுகள் பச்சை நிறமாகும். பச்சை வரும் வரை அடுத்த வேலைக்குப் போகக் கூடாது.

மூன்றாவது, அளவு. பட்டறையில் “8 நூல் துளை” என்பார்கள். 8 நூல் ஓர் அங்குலம், அதாவது 25.4 மில்லிமீட்டர். படத்தில் 25 என்று போட்டுவிட்டால் அங்குலத் தண்டு உள்ளே போகாது. கடைந்த இரும்பும் வீண், கூலியும் வீண்.

நான்காவது, இடைவெளி. தண்டு 25, துளையும் 25 என்று போட்டால் திரையில் அழகாகப் பொருந்தும். இரும்பில் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால்தான் என்ஜினீயர்கள் ஒரே எண்ணைத் தராமல் வரம்பு தருகிறார்கள். 25 மில்லிமீட்டர் துளைக்கு வழக்கமான ஒரு வரம்பு, 25.000 முதல் 25.021 வரை. இதைக் கம்ப்யூட்டர் தானாகச் சொல்லாது. வரைபவர்தான் எழுத வேண்டும்.

ஐந்தாவது, விளிம்புகளை மழுக்குவது கடைசி வேலை. முதலிலேயே மழுக்கிவிட்டால், பிறகு செய்யும் ஒவ்வொரு மாற்றமும் தொல்லை கொடுக்கும்.

பெரிய கம்பெனியும் தப்பவில்லை

ஒழுங்கு தவறினால் என்ன ஆகும்? ஏர்பஸ் கம்பெனியைப் பாருங்கள். ஏ-380 என்ற இரண்டடுக்கு விமானத்தில் சுமார் 500 கிலோமீட்டர் நீளத்துக்கு மின்கம்பி ஓடுகிறது. ஜெர்மனியில் இருந்தவர்கள் ‘கேட்டியா’ சாப்ட்வேரின் பழைய பதிப்பில் வரைந்தார்கள். பிரான்சில் இருந்தவர்கள் புதிய பதிப்பில் வரைந்தார்கள். விமானத்தில் மாட்டும்போது கம்பிக் கட்டுகள் பொருந்தவில்லை! 2006-ம் ஆண்டில் இந்த விஷயம் வெளியே வந்தது. விமானங்களைக் கொடுப்பது சுமார் இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போயிற்று. கோடிக்கணக்கில் நஷ்டம்.

சாப்ட்வேர் விலை உயர்ந்ததுதான். வரைந்தவர்களும் வல்லவர்கள்தான். எல்லோருக்கும் பொதுவான ஒழுங்கு இல்லை என்பதுதான் குறை. ஆகவே படத்தைப் பிறருக்கு அனுப்பும்போது, ‘ஸ்டெப்’ போன்ற பொதுவான கோப்பாக மாற்றி அனுப்புவது நல்லது. அதைப் பெரும்பாலான சாப்ட்வேர்களும் திறக்கும்.

ஒரு சின்னப் பரீட்சை

பணம் கட்டுமுன் பெற்றோரே பயிற்சியைச் சோதிக்கலாம். அங்கே படித்த மாணவர் ஒருவர் வரைந்த படத்தைக் காட்டச் சொல்லுங்கள். “துளையை 25-ல் இருந்து 30 ஆக்கு தம்பி” என்று கேளுங்கள். ஒரே எண்ணை மாற்றியதும் படம் முழுவதும் ஒழுங்காக மாறினால், அங்கே பாடம் நடக்கிறது. படம் சிதறினால், அங்கே பொத்தான் அமுக்கத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.