மாடல் ரயிலுக்கு டர்ன்டேபிள்: பெரியதா, சரியானதா?

நீராவி என்ஜினுக்கு முகமும் உண்டு, முதுகும் உண்டு. பின்பக்கமாக ஓட்டினால் டெண்டர் டிரைவரின் பார்வையை மறைக்கும், கரித்தூள் கண்ணில் அடிக்கும். அதனால் பாதை முடிகிற ஊரில் என்ஜினைத் திருப்பியாக வேண்டும். அதற்குத்தான் டர்ன்டேபிள். ஒரு வட்டக் குழி, நடுவில் ஒரு அச்சு, அதன் மேல் சுழலும் சின்னப் பாலம். அவ்வளவுதான்.

மாடல் ரயில் லேஅவுட் கட்ட நினைக்கும் பலருக்கும் முதல் ஆசை இதன் மேல்தான் வரும். ரயில் வட்டமாகச் சுற்றுவது பத்து நிமிடத்தில் அலுத்துவிடும். என்ஜின் மெதுவாகப் பாலத்தில் ஏறி, நின்று, திரும்பி, வேறு பாதையில் இறங்குவது அலுக்காது. ஆனால் அந்த ஆசையில் எடுத்த எடுப்பில் விலை அதிகமான பெரிய டர்ன்டேபிளை வாங்குவதுதான் இந்தப் பொழுதுபோக்கில் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு.

ஏன்? மதுரையையே உதாரணமாக எடுத்துக்கொண்டு பார்க்கலாம்.

மதுரைக்கு ரயில் வந்தது 1875ல். திருச்சியிலிருந்து வந்த மீட்டர் கேஜ் பாதை அது. நூறு வருடத்துக்கும் மேல் இந்த ஊரின் ரயில் என்றால் மீட்டர் கேஜ்தான். 1977 ஆகஸ்ட் 15ல் ஓடத் தொடங்கிய வைகை எக்ஸ்பிரஸ் கூட மீட்டர் கேஜில்தான் ஓடியது. மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் வரை 90 கிலோமீட்டர் போகும் கிளைப் பாதை 1928ல் வந்தது, இரண்டாம் உலகப் போரின்போது 1942ல் தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள், ஐம்பதுகளில் மறுபடியும் போட்டார்கள். 2010 கடைசியில் அகலப்பாதைக்காக மீட்டர் கேஜ் ரயில் நின்றது. 2023 ஜூன் 15 முதல் போடிக்கு அகலப்பாதை ரயில் போகிறது. ஆக, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போன அந்தச் சின்ன ரயிலை இனிமேல் மேஜை மேல்தான் பார்க்க முடியும். மதுரைக்காரர் ஒருவர் லேஅவுட் கட்டுவதென்றால் இதை விடப் பொருத்தமான விஷயம் கிடைக்காது. மலையடிவாரத்தில் முடிகிற ஒரு கிளைப் பாதை, கடைசியில் ஒரு சின்ன ஸ்டேஷன், பக்கத்தில் என்ஜினைத் திருப்ப ஒரு டர்ன்டேபிள்.

இப்போது கேட்லாக்கைத் திறந்தால் என்ன கிடைக்கிறது? அமெரிக்காவின் வால்தர்ஸ் நிறுவனம் எச்ஓ அளவில் 130 அடி டர்ன்டேபிள் விற்றிருக்கிறது, மோட்டாரோடு. எச்ஓ என்றால் நிஜத்தில் 87ல் ஒரு பங்கு. 130 அடி என்பது மேஜை மேல் சுமார் 18 அங்குலம். நான்கு அடிக்கு இரண்டு அடி பலகை என்றால், அகலத்தில் முக்கால்வாசி இதற்கே போய்விடும். ஸ்டேஷன் எங்கே? பிளாட்பாரம் எங்கே? வயல் எங்கே?

130 அடி யாருக்குத் தேவை? யூனியன் பசிபிக் ரயில்வேயின் பிக் பாய் போன்ற ராட்சத என்ஜின்களுக்குத் தேவை. பிக் பாய்க்காகவே 135 அடி டர்ன்டேபிள்களை அங்கே கட்டினார்கள். நம் பக்கம் ஓடிய ஒய்பி என்ஜினின் நீளம், டெண்டரோடு சேர்த்து, சுமார் 19 மீட்டர். அதாவது 63 அடிக்குள். 1949 முதல் 1970 வரை 871 ஒய்பி என்ஜின்கள் செய்யப்பட்டன. இந்திய மீட்டர் கேஜ் பயணிகள் ரயிலின் முகம் என்றே அதைச் சொல்லலாம். அதற்குப் பிக் பாயின் டர்ன்டேபிளைக் கொடுப்பது, சைக்கிளுக்கு பஸ் ஷெட் கட்டுவது போல.

ஆகவே முதல் விதி: டர்ன்டேபிளை வைத்து என்ஜினைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. இருப்பதில் நீளமான என்ஜினை அளந்து, அதை வைத்து டர்ன்டேபிளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முழு நீளத்தை விட முக்கியம், முதல் சக்கரத்திலிருந்து கடைசிச் சக்கரம் வரை உள்ள தூரம். எல்லாச் சக்கரமும் பாலத்தின் மேல் நின்றால் போதும்.

இரண்டாவது சிக்கல் கேஜ். இங்கேதான் பலர் பணத்தை விடுகிறார்கள். எச்ஓ தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். அது ஐரோப்பா, அமெரிக்காவின் 1435 மில்லிமீட்டர் பாதைக்கு உண்டானது. நம் மீட்டர் கேஜை 87ல் வகுத்தால் 11.5 வரும். அதற்கு 12 மில்லிமீட்டர் தண்டவாளம் வேண்டும். எனவே கடையில் கிடைக்கும் சாதாரண எச்ஓ டர்ன்டேபிள், நீளம் சரியாக இருந்தாலும், நம் மீட்டர் கேஜ் என்ஜினுக்கு உதவாது.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. 120ல் ஒரு பங்கு என்ற டிடி அளவில் மீட்டர் கேஜ் 8.3 மில்லிமீட்டர் வரும். என் அளவு மாடல்களுக்கு உலகம் முழுக்க விற்கும் தண்டவாளம் 9 மில்லிமீட்டர். கிட்டத்தட்டப் பொருந்திவிடுகிறது! இந்த அளவில் ஒய்பி என்ஜின் சுமார் 16 சென்டிமீட்டர். பீக்கோ நிறுவனத்தின் என் அளவு டர்ன்டேபிள் கிட் சுமார் 6 அங்குலப் பாலம் கொண்டது. சக்கரங்களை அளந்து பார்த்துவிட்டு அதையே பயன்படுத்தலாம். இல்லாவிட்டால் நாமே ஒன்று செய்யலாம். ஒரு பால்பேரிங், கொஞ்சம் பிளைவுட், லேத் பட்டறையில் கடைந்த ஒரு அச்சு. மதுரையில் கிடைக்காத பொருள் இதில் எதுவும் இல்லை.

அடுத்தது மோட்டாரா, கையா? மோட்டார் வைத்த டர்ன்டேபிள் ஒவ்வொரு பாதைக்கு நேராகவும் தானாகவே நிற்கும். அட்லஸ் நிறுவனத்தின் 9 அங்குல மாடல் 15 டிகிரிக்கு ஒரு தடவை நிற்கும்படி செய்யப்பட்டது. இருபது என்ஜின் நிற்கும் வட்ட ஷெட்டுக்கோ, காலை முதல் மாலை வரை கண்காட்சியில் ஓட்டுவதற்கோ இது அவசியம்தான். மறுப்பதற்கில்லை. ஆனால் மூன்று பாதை மட்டும் உள்ள ஒரு கிளை ஸ்டேஷனுக்கு எதற்கு?

நிஜத்திலும் பல சிறிய டர்ன்டேபிள்களை ஆட்கள் தள்ளித்தான் சுற்றினார்கள். என்ஜினின் எடை நடு அச்சின் மேல் சரியாக உட்கார வேண்டும். டிரைவர் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று நகர்த்திப் பார்ப்பார். சமநிலை வந்துவிட்டால் அத்தனை டன் இரும்பையும் இரண்டு மூன்று பேர் தள்ளித் திருப்பிவிடலாம். ஒரு அங்குலம் தவறினாலும் மூச்சு வாங்கும். கையால் சுற்றும் மாடலில் இந்த அனுபவத்தின் ஒரு சிறு பங்காவது இருக்கிறது. பொத்தானை அழுத்துவதில் அது இல்லை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் சிக்கனம் கூடாது. அது மின் இணைப்பு. இரண்டு தண்டவாளத்தில் ஒன்று பிளஸ், மற்றது மைனஸ். பாலம் பாதி சுற்றுச் சுற்றினால் இடது வலதாகிவிடும், பிளஸ் மைனஸ் மேல் போய் நிற்கும். உடனே ஷார்ட். இதைத் தவிர்க்க அச்சில் இரண்டாக வெட்டிய பித்தளை வளையம் வைப்பார்கள். அரைச் சுற்றில் தானாகவே பிளஸ் மைனஸ் மாறிக்கொள்ளும். வெட்டு விழும் இடம் எந்தப் பாதைக்கும் நேராக இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை விட எளிய வழி தாழ்ப்பாள். பாலத்தின் முனையில் தண்டவாளத்துக்கு ஒன்றாக இரண்டு பித்தளைக் குழாய், அதில் நகரும் இரண்டு கம்பி. எந்தப் பாதைக்கு நேராக நிற்கிறதோ, அந்தப் பாதையின் குழாய்க்குள் கம்பியைத் தள்ளினால் பாலம் ஆடாமலும் நிற்கும், அந்தப் பாதையின் மின்சாரமே பாலத்துக்கும் வரும். ஷார்ட் ஆக வழியே இல்லை. ஆனால் மதுரைப் புழுதியில் பித்தளை சீக்கிரம் கறுத்துவிடும். அடிக்கடி துடைத்தாக வேண்டும்.

கடைசியாக ஒரு கேள்வி. டர்ன்டேபிள் கட்டாயம் வேண்டுமா? லேஅவுட் எந்தக் காலத்தைக் காட்டுகிறது என்பதைப் பொறுத்தது. இன்றைய மதுரையைக் காட்டினால் தேவையே இல்லை. இரண்டு பக்கமும் கேபின் உள்ள மின்சார என்ஜினை எதற்குத் திருப்புவது? அந்தப் பணத்தில் ஒரு நல்ல பிளாட்பாரம் கட்டலாம். ஆனால் நீராவிக் காலத்தைக் காட்டுவதென்றால் வேண்டும்.

வாங்கிய பொருளை ஒரு செலவாக மட்டும் பார்த்தால் போதாது. அது எடுத்துக்கொள்ளும் இடமும் ஒரு செலவு, அது தள்ளிப்போடும் வேலையும் ஒரு செலவு. பெட்டி பிரிக்காத பெரிய டர்ன்டேபிள் அலமாரியில் இருக்கும் வீட்டில் ரயில் ஓடுவதில்லை. கையால் சுற்றும் ஆறு அங்குலப் பாலம் இருக்கும் வீட்டில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு ஒய்பி திரும்பி மதுரையைப் பார்த்து நிற்கும். பார்க்கிற தாத்தாவுக்கு அது போதும். பேரனுக்கும் போதும்.